பாட்டிலைக் கீழே வையுங்கள்: கடல்நீர்த் தொட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடல்நீர்த் தொட்டி நண்பர்களுக்கு,

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் தங்கள் தொட்டியை விற்றுவிடப் போவதாக என்னிடம் சொன்னார்கள். மூவருமே தொட்டி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். மூவரும் சொன்ன காரணமும் ஒன்றுதான்: பாசி. ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான்கடித் தொட்டி, நல்ல விளக்கு, நல்ல ஸ்கிம்மர், சில்லர்கூட இருந்தது. உள்ளே எது கல், எது பவளம் என்று தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் விரல் நீளத்துக்குப் பச்சை முடி முளைத்து அலையோடு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ஜோடி க்ளவுன் மீன் அந்தப் பச்சைக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார். பாசியை ஒழிக்கும் மருந்து பாட்டில்கள், திறந்தவை மட்டும் ஏழு. அதைப் பார்த்த பிறகு உங்கள் எல்லோருக்கும் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்த ஏழில் இரண்டை ஒரு காலத்தில் நானும் வாங்கியிருக்கிறேன். என் முதல் தொட்டிக்கு ஐந்து மாதம் ஆனபோது கல் முழுக்க முடிப்பாசி ஏறியது. கடைக்குப் போய்ச் சொன்னேன். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், எத்தனை மீன் இருக்கிறது, என்ன தீனி, எத்தனை வேளை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். நானும் எதையும் கேட்காமல் வாங்கி வந்து ஊற்றினேன். மூன்றாம் நாள் பாசி வெளுத்துச் சரியத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், என் டேங் மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்ந்து கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செத்த பாசி அத்தனையும் அழுகி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டது. விடிவதற்குள் அதுவும் இன்னொரு மீனும் போய்விட்டன. ஆறே வாரத்தில் பாசி முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது.

ஏன் திரும்பி வந்தது என்பதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு மீன்களும் பிழைத்திருக்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். பாசியின் உடம்பு நீங்கள் போட்ட தீனியிலிருந்து வந்தது. மீன் தின்று கழித்ததும், தின்னாமல் விட்டதும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறுகின்றன. பாசி அதை உறிஞ்சித் தன் உடம்பில் கட்டி வைத்துக்கொள்கிறது. மருந்தால் அதைக் கொன்றால் கட்டி வைத்தது அத்தனையும் அதே தண்ணீரில் கரைகிறது. அடுத்த பயிருக்கு அதுவே உரம். கையால் பிடுங்கி வெளியே எறிந்தால் மட்டுமே அந்த உரம் தொட்டியைவிட்டுப் போகிறது.

கணக்கையும் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் பாஸ்பேட் 0.1 பிபிஎம் என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பாஸ்பேட் 20 மில்லிகிராம். சமையலுக்கு எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு கொஞ்சம்தான் ஒரு தொட்டியைப் பச்சையாக்கப் போதுமானதாக இருக்கிறது. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் அந்த 20 மில்லிகிராம் 18 ஆகும். அதே வாரத்தில் நீங்கள் போடும் தீனி அதற்கு மேலேயே திருப்பித் தந்துவிடும். போதாததற்கு நம் கல்லும் மணலும் சுண்ணாம்புப் பொருள். பாஸ்பேட் அதிகமாக இருந்த நாட்களில் அவை அதை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்ததும் மெல்ல மெல்ல விடும். “எல்லாம் சரியாகத்தானே செய்கிறேன், இன்னும் போகவில்லையே” என்று இரண்டாவது மாதத்தில் நீங்கள் வெறுத்துப் போகிறீர்களே, அப்போது உங்கள் கல் பழைய கடனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது தீர மாதங்கள் ஆகும்.

“டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டுகிறது, பிறகு எப்படிப் பாசி வரும்?” என்று பலர் கேட்கிறீர்கள். பாசி இருப்பதால்தான் பூஜ்யம் காட்டுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரில் சேர்ந்ததும் பாசி அவற்றை உறிஞ்சிவிடுகிறது. கிட்டுக்கு மிச்சம் இல்லை. அந்தப் பூஜ்யத்தை நம்பி அமராதீர்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். போர் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் சுத்தம் என்று நினைத்துவிடுகிறீர்கள். நம் வீட்டு ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறது. ருசிக்காக, வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பவும் கலந்துவிடுவது அதன் வேலை. சிலவற்றில் தாது சேர்க்கும் கேட்ரிட்ஜ் வேறு. குடிக்க அது நல்லது. பவளத் தொட்டிக்கு நல்லதல்ல. அந்த நான்கடித் தொட்டிக்காரர் ஊற்றும் ஆர்.ஓ. தண்ணீரில், கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் என் டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன். 74 காட்டியது. அந்த 74-இல் என்னென்ன இருக்கிறது என்று மீட்டர் சொல்லாது. நைட்ரேட் இருக்கலாம், சிலிகேட் இருக்கலாம். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட தினமும் நாலைந்து லிட்டர் ஊற்றுகிறார். தண்ணீர் ஆவியாகப் போய்விடும். அதில் வந்தது உள்ளேயே தங்கிவிடும். எட்டு மாதமாக அவர் தினமும் பாசிக்குத் தன் கையால் தீனி போட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆர்.ஓ.-வுக்குப் பின்னால் மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயைச் சேர்த்து, மீட்டரில் பூஜ்யம் வந்தால்தான் தொட்டிக்குள் ஊற்றுவேன் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு வருடத்தில் பாசி மருந்துக்குச் செலவழிப்பதைவிட அது பெரிய செலவாக இருக்காது. மீட்டரின் விலை ஒரு பாட்டில் மருந்தின் விலையைவிடக் குறைவு.

அடுத்தது கைவேலை. அந்த நண்பர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தோம். ஒரு வாளி, காற்றுக்குழாய் அளவுள்ள சைபன் ட்யூப், பழைய பல் பிரஷ் இரண்டு. பிரஷ்ஷைக் குழாயின் வாயோடு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டினோம். தேய்க்கும்போது பிய்வதெல்லாம் மிதக்காமல் நேரே வாளிக்குப் போக வேண்டும். முடிப்பாசியை விரலில் நூல் சுற்றுவதுபோலச் சுற்றி, வேர் பிடித்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தித் திருகி இழுத்தால் அடியோடு வரும். வெறுமனே இழுத்தால் பாதியில் அறுந்து, மறுபடி முளைக்கும். ஒரு கொத்து பெயர்ந்தபோது அதற்கடியிலிருந்து சாம்பல் நிறப் புழுதி பொங்கி வந்தது. மீன் கழிவும் தின்னாத தீனியும் பாசி வேருக்குள் மாதக்கணக்காகத் தேங்கியிருந்தன. பாசி தனக்கு வேண்டிய உரத்தைத் தானே சேமித்து வைத்துக்கொள்கிறது என்பதை அன்று அவர் கண்ணால் பார்த்தார். இரண்டரை மணி நேரம் ஆனது. பிழிந்து எடுத்தபோது இரண்டு கைப்பிடிப் பாசி. ஓரத்தில் ஒரு ஜோவாந்தஸ் பாலிப் கூட்டம், கண்ணில் படாமல் இத்தனை நாள் மூடிக் கிடந்தது, சுருங்கிப்போயிருந்தது. மதியத்துக்குள் இரண்டு மூன்று தலைகள் விரிந்தன.

குமிழ்ப் பாசி உள்ளவர்கள் பச்சை உருண்டைகளை உடைக்காமல், குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுதாக நெம்பி எடுங்கள். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பாசி போகட்டும் என்று லைவ் ராக்கை வெந்நீரில் போடுவதோ அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவதோ உயிருக்கே ஆபத்து. கல்லில் ஒட்டியிருக்கும் பாலிதோவா, ஜோவாந்தஸ் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. அது ஆவியோடு கலந்து மூச்சில் ஏறினால் வீட்டில் இருக்கும் எல்லோரும் மருத்துவமனைக்குப் போக நேரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கல்லைத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிடுங்குவது போதாது, மேய்கிறவர்களும் வேண்டும். கடலில் பவளப்பாறை சுத்தமாக இருப்பது தண்ணீர் சுத்தமாக இருப்பதால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓராவும் கிளிமீனும் கடல் முள்ளெலியும் நத்தையும் ராப்பகலாக அதைச் சுரண்டிக்கொண்டிருக்கின்றன. ஜமைக்காவில் என்ன நடந்தது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அங்கே பாசி மேயும் மீன்களைப் பல ஆண்டுகளாகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். மேய்ச்சல் முழுவதும் நீளமுள் கொண்ட கருப்பு முள்ளெலியின் தலையில் விழுந்தது. 1983-இல் ஒரு நோய் வந்து கரீபியன் கடல் முழுக்க அந்த முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மாண்டன. 1970-களின் கடைசியில் ஜமைக்காப் பாறைகளில் பாதிக்கு மேல் மூடியிருந்த உயிருள்ள பவளம், 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதமானது. புயலும் அதில் சேர்ந்துகொண்டது என்றாலும், மேய ஆளில்லாததுதான் பாறையை எழவிடாமல் செய்தது. அவ்வளவு பெரிய கடலாலேயே மேய்ப்பவர் இல்லாமல் சமாளிக்க முடியவில்லை. உங்கள் நான்கடித் தொட்டியில் இரண்டு நத்தையை விட்டுவிட்டு எதிர்பார்க்கலாமா?

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். நீண்ட முடியைச் சாதாரண நத்தை அனேகமாகத் தின்னாது. முதலில் நீங்கள் பிடுங்கிக் கட்டையாக்க வேண்டும், பிறகு வரும் துளிரை அவை பார்த்துக்கொள்ளும். டர்போ நத்தை கவிழ்ந்தால் பெரும்பாலும் நிமிர முடியாமல் கிடந்தே சாகும். ட்ரோக்கஸ் தானே நிமிர்ந்துகொள்ளும். பாசி தீர்ந்த பிறகு அவற்றுக்கு என்ன தீனி என்பதையும் வாங்கும் அன்றே யோசித்துவிடுங்கள். கடல் முயல் என்று சொல்லும், ஓடு வெளியே தெரியாத நத்தை முடிப்பாசியை ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும். அதன் பிறகு அது பட்டினியில் செத்ததைத்தான் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஒரு தொட்டியில் மேய்ச்சல் முடிந்ததும் அடுத்த வீட்டுத் தொட்டிக்கு அனுப்புங்கள். மிரண்டால் ஊதா நிறத்தில் மை கக்கும், பம்பில் சிக்கினால் தொட்டியே போய்விடும். பம்ப் வாயில் ஸ்பாஞ்ச் கட்டிவிட்டு விடுங்கள்.

எல்லாப் பாசியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். பறவை இறகுபோல இருபுறமும் கிளைத்திருந்தால் அது ப்ரயாப்சிஸ். நத்தையோ மீனோ அதை அனேகமாகத் தொடாது. அதற்கு மட்டும், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. அதையும் முடிந்தவரை பிடுங்கிய பிறகு, என்ன வகை என்று உறுதி செய்துகொண்டு, காற்றோட்டத்தைக் கூட்டிவைத்துச் செய்யுங்கள். மணல்மேல் சிவப்பாக வழவழவென்று படர்வது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. அதற்கு ஆன்டிபயாடிக் போடச் சொல்வார்கள். போட்டால் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவுக்கும் அடி விழும். பழுப்பு நிறத்தில் சளிபோல நூல் நூலாகத் தொங்கி, நுனியில் காற்றுக் குமிழ் தெரிந்தால் பெரும்பாலும் டைனோ என்று சொல்லும் டைனோஃபிளாஜெல்லேட். இது பல நேரம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு துடைத்த தொட்டிகளில்தான் வருகிறது. பாசிக்குப் பயந்து, பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ.-வை அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நைட்ரேட் 5-இலிருந்து 10-க்குள், பாஸ்பேட் 0.03-க்குக் குறையாமல், 0.1-ஐத் தொடாமல் நின்றால் போதும். பவளமும் சாப்பிட வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் தொட்டியைத் தாண்டிய விஷயம். இந்த மடலின் மீதியை எழுதாமல் விட்டிருந்தாலும் இதை எழுதியிருப்பேன். பிடுங்கிய பாசியை எங்கே போடுகிறீர்கள்?

1984-இல் மொனாக்கோ கடலாய்வு அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, மத்தியதரைக் கடலில், காலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற பச்சைப் பாசி ஒரு சதுர மீட்டர் அளவுக்கு முளைத்திருந்ததைக் கண்டார்கள். கண்காட்சித் தொட்டிகளில் அழகுக்கு வளர்த்தது. அன்றே அதைப் பிடுங்கியிருக்கலாம், பிடுங்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடலடியை மூடியது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே பாசி கலிபோர்னியாவில் அகுவா ஹெடியோண்டா உப்பங்கழியில் தெரிந்தது. யாரோ ஒரு தொட்டிக்காரர் கழுவிக் கொட்டியதாக இருக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, முங்குபவர்கள் ஆண்டுக்கணக்காகத் தேடித் தேடி, 2006-இல்தான் ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க முடிந்தது. 70 லட்சம் டாலருக்கு மேல் செலவு. விரல் நகம் அளவு துண்டு போதும், அது முழுச் செடியாகிவிடும். அதே காலெர்பா குடும்பத்தை நம்மில் பலர் தொட்டிக்குக் கீழுள்ள சம்ப்பில் வளர்க்கிறோம், நண்பர்களுக்குப் பிய்த்துக் கொடுக்கிறோம்.

நம் கடலில் நடந்ததையும் நீங்கள் மறந்துவிட முடியாது. கப்பாஃபைகஸ் வெளிநாட்டுப் பாசி, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. 2008-இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியிருந்தது வெளியே தெரிந்தது. முங்கி முங்கிக் கையால்தான் பிடுங்கினார்கள், நாம் தொட்டியில் செய்வதைப்போலவே. பண்ணைக்காரர்கள் வளர்த்த பாசியே துண்டு துண்டாக நீரோட்டத்தில் போய் இப்படிச் செய்யும் என்றால், நம் வாளித் தண்ணீரில் என்ன போகிறது என்று நமக்கே தெரியாதபோது, அதை மழைநீர்க் கால்வாயிலும் கடற்கரையிலும் கொட்ட நமக்கு என்ன உரிமை? சென்னையில் கால்வாய் போய்ச் சேரும் இடம் கடல்தான்.

பிடுங்கிய பாசியை ஒரு பழைய தட்டில் பரப்பி, மொட்டைமாடி வெயிலில் சருகாகும்வரை காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். தொட்டியைக் கலைக்கிறவர்கள் கல்லையும் மணலையும் அப்படியே செய்யுங்கள். “கடலிலிருந்து வந்தது, கடலுக்கே போகட்டும்” என்று கொண்டுபோய்ப் போடாதீர்கள். பாசி ஏறிய கல்லுக்குப் பதிலாக ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து “புதுக் கல்” எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் வாங்காதீர்கள். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்ந்து நிற்கின்றன. சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பதில் உங்கள் தொட்டிக்காக ஒரு கல்கூடப் பெயரவேண்டாம்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இன்றிலிருந்து பன்னிரண்டு வாரம் எனக்குக் கொடுங்கள். அந்தப் பன்னிரண்டு வாரமும் எந்த மருந்தும் ஊற்றாதீர்கள், ப்ரயாப்சிஸ் உள்ளவர்களைத் தவிர. தண்ணீரை மீட்டரில் பாருங்கள். தீனியைப் பாதியாக்குங்கள், உறைந்த தீனியை உருக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிடுங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஒரு நோட்டில் எழுதி, அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுங்கள். நான்காவது வாரம் ஒன்றும் மாறாததுபோலத் தெரியும். அந்த வாரம்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். முதல் வாரப் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொட்டியை விற்க நினைக்கிறவர்கள் அதுவரை விற்காதீர்கள். அந்த மீன்களை வேறொரு வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாளியும் பல் பிரஷ்ஷுமாக நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்